தலைப்பாகையைக் கட்டிவிட்டவர் யார்? செட்டிநாட்டுப் பழைய நிழற்படங்களை முன்வைத்து

இரண்டாங்கட்டு எழுதியது:

எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தொலைவில் இருக்கிறது. ஏழு புள்ளிகளுக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்கு, பங்குள்ள வீடு என்பதால் ஓர் ஆணியைப் பிடுங்க வேண்டுமென்றாலும் ஏழு பேரைக் கேட்க வேண்டும். அந்தக் கதை இங்கே வேண்டாம். சென்ற மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பட்டாலை என்னும் கூடத்துச் சுவரிலிருந்த நிழற்படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் பட்டும் மனத்தில் படாத ஒன்று தென்பட்டது.

மூன்று படங்களைச் சொல்கிறேன். முதலாவது பாட்டையாவின் படம். மழித்த தலை, தொங்கும் காது, கழுத்தில் உருத்திராக்கம், மேலே ஒரு துண்டு. தலையில் எதுவும் இல்லை. இரண்டாவது, ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போயிருந்த ஐயா அங்கே ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம். கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு, தலையில் சரிகைக் கரை வைத்த தலைப்பாகை. மூன்றாவது, ஐயாவின் தம்பி, நாங்கள் சின்னையா என்று சொல்பவர். அவர் படத்தில் வெள்ளைக்காரர் தொப்பி ஒன்று இருக்கிறது, ஆனால் தலையில் இல்லை. பக்கத்திலுள்ள சிறு மேசைமேல் இருக்கிறது, அதன்மேல் அவருடைய கை இருக்கிறது.

ஒரே வீட்டில், இரண்டு தலைமுறைக்குள், தலை இத்தனை வகையாக மாறியதற்குக் காலமாற்றம் என்ற ஒரு சொல் போதாது என்று நினைக்கிறேன். தொப்பியைத் தலையில் வைக்காமல் மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்பவர் எதைச் சொல்ல விரும்பினார்? அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

நாட்டரசன்கோட்டை வாசகர் எழுதியது:

நல்ல கேள்வி. பாட்டையாவின் வெறுந்தலையிலிருந்து தொடங்குவதே முறை. செட்டிநாட்டு வணிகக் குடியான நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த காலத்தில் சோழ மன்னருக்கு முடிசூட்டும் உரிமை பெற்றிருந்தனர் என்றும், அதனால் மகுட வைசியர் எனப்பட்டனர் என்றும் குல வரலாறு சொல்கிறது. மன்னன் ஒருவன் செய்த கொடுமைக்கு அஞ்சிப் பெரியவர்கள் எல்லாரும் மாண்டுபோக, குருவிடம் ஒப்படைக்கப்பட்ட ஆண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினர் என்பதும், அடுத்த முடிசூட்டு வந்தபோது மணமாகாதவன் முடி எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அவர்களுக்கு வேளாளர் குடிப் பெண்களை மணம் செய்துவைத்தனர் என்பதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. இது கல்வெட்டுச் செய்தி அன்று, மரபுச் செய்தி. ஆனால் ஒரு குடி தன்னைப் பற்றி எதை நினைவில் வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று வேறில்லை. தாம் முடி அணிந்ததாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. பிறர் தலையில் முடி வைத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் சமாதி கொண்டிருப்பதாக நாங்கள் வணங்கும் கம்பரும் இதே இடத்தைத்தான் அழுத்துகிறார். இராமனுக்கு முடிசூட்டும் பாட்டில் அனுமன் அரியணை தாங்குகிறான், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், பரதன் வெண்குடை பிடிக்கிறான். முடி மட்டும் நேரே இராமன் தலைக்கு வந்துவிடுவதில்லை. சடையப்ப வள்ளலின் மரபினர் எடுத்துக் கொடுக்க, அதை வாங்கி வசிட்டன் சூட்டுகிறான். தம்மைப் புரந்த வள்ளலுக்குக் கவிஞர் செய்த நன்றிக்கடன் என்று இதைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். முடி என்பது இரண்டு கைகளைக் கடந்து வந்தால்தான் முடி என்ற எண்ணமும் அதனுள் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான காட்சி 1804 டிசம்பர் 2 அன்று பாரிசில் நடந்தது. போப்பாண்டவர் ஏழாம் பயஸ் அருகிலிருக்க, நெப்போலியன் மகுடத்தைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். ஐரோப்பாவே திகைத்தது என்றால், அங்கும் பிறர் கையால் சூட்டப்படுவதே முறையாக இருந்தது என்று பொருள். ஆனால் அங்கே அந்த முறை அரசனோடு நின்றுவிட்டது. குடிமகனின் தொப்பி அவன் தானே வைத்துத் தானே எடுப்பது. நம்மிடமோ அது சாதாரண மனிதன்வரை இறங்கி வந்திருக்கிறது. கோயிலில் பரிவட்டம் கட்டுவதும், கருமாதியன்று மகனுக்கு உறவினர் உருமா என்னும் தலைத்துணி கட்டுவதும் அதன் வடிவங்களே. தன் கையால் கட்டிக்கொண்ட பரிவட்டம் வெறும் துணி. ஆகவே ஐயாவின் தலைப்பாகை பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி, அதைக் கட்டிவிட்டவர் யார் என்பதே.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

வாசகர் ஐயா எழுதியது சிறப்பு. ஆனால் மூன்று படங்களும் ஆண்களுடையவை என்பதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. அதே பட்டாலையில் அப்பத்தாக்களின் படங்களும் இருக்கும். அவர்கள் தலையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பூ இருந்தது. கணவர் இறந்த பிறகு எடுத்த படமானால் பூ இருக்காது, வெள்ளைச் சேலையின் முக்காடு இருக்கும். பூவை எடுப்பவர்களும் பிறர்தான், முக்காட்டைப் போடச் சொல்பவர்களும் பிறர்தான். பிறர் கையால் வருவதெல்லாம் பெருமை என்ற முடிவுக்கு ஐயா அத்தனை விரைவாக வந்துவிட வேண்டாம் என்று பணிவோடு சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே துண்டைச் சுற்றிக் கட்டினால் முண்டாசு. கட்டாமல் தொங்கவிட்டால் முக்காடு. முண்டாசு கட்டினவன் வேலைக்கோ சண்டைக்கோ ஆயத்தமாகிவிட்டான் என்று பொருள். "தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான்" என்றால் கடை நொடித்துவிட்டது என்று பொருள். வட்டிக்கடையும் பெட்டியடியுமாக வாழ்ந்த நம் ஊர்களில் இந்த வழக்கைச் சொல்லக்கூட அஞ்சுவார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் நடந்து திரும்பியவர்களைப் பற்றி என் மாமியார் சொன்னதுண்டு. வயலும் போயிற்று, தங்கித் தொழில் செய்த கிட்டங்கியும் போயிற்று. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று சொல்லித்தான் ஆற்றிக்கொண்டார்களாம். அந்தப் பழமொழியில் தலைப்பாகை தலைக்குப் பதிலாகப் போகிறது. அதாவது, தலைக்கு அடுத்தபடியாக ஒருவன் இழக்கக்கூடிய பெரிய பொருள் அதுவே என்ற கணக்கு அதில் இருக்கிறது.

நெட்டிவேலை எழுதியது:

சின்னையாவின் மேசைத் தொப்பியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அது வெயிலுக்கு அணியும் கவிழ்த்த கிண்ணம் போன்ற தொப்பியானால், அதற்குச் சோலா தொப்பி என்று பெயர். சூரியனுக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சோலா என்பது சதுப்பில் வளரும் ஒரு செடியின் வங்காளப் பெயர். தமிழில் அதுவே நெட்டி. தஞ்சாவூரில் கோயில் உருவங்களும் மாலைகளும் செய்வதற்குப் பயன்படும் அதே வெள்ளைத் தண்டு. நம் குளத்தங்கரைத் தண்டைச் சீவித் துணி போர்த்தி, ஆளும் இனத்தின் அடையாளமாக ஆக்கினார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. பிரிட்டிஷ் ஆட்சி முடிந்ததும் அந்தத் தொப்பியின் காலமும் முடிந்தது; வெயில் மட்டும் குறையவில்லை.

தலையில் வைக்காததன் காரணம் எளிது என்று நினைக்கிறேன். ஐரோப்பிய முறையில் கூரைக்குக் கீழே வந்ததும் ஆடவர் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஸ்டுடியோ என்பது கூரைக்குக் கீழுள்ள இடம். சின்னையா தொப்பி வாங்க வசதியுடையவர் என்று மட்டும் காட்டவில்லை, அதை எப்போது கழற்ற வேண்டும் என்று தெரிந்தவர் என்றும் காட்டுகிறார். நம் முறையில் இது தலைகீழ். சபைக்குப் போகும்போது தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போவதே மரியாதை. கழற்ற வேண்டியது செருப்பை.

இந்த இரண்டு முறைகளும் மோதிக்கொண்ட இடம் தென்னாப்பிரிக்கா. 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் காந்தியைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் நீதிபதி. அவர் மறுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டே நேட்டால் உச்சநீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது தலைமை நீதிபதி சொன்னதை ஏற்றுக் கழற்றினார். நமக்கு இவ்விரண்டையும்விட நெருக்கமானது மூன்றாவது நிகழ்ச்சி. பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலியாள், முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, இரத்தம் ஒழுக, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் முன் வந்து நின்றார். வெள்ளையரைக் காணும்போது கூலியாள் தலைத்துணியை எடுத்துவிட வேண்டும், இரு கை கூப்பினாலும் போதாது என்ற பழக்கத்தை அவர் காந்தியிடமும் கடைப்பிடித்தார். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னபோது அவர் தயங்கித் தயங்கிக் கட்டினார் என்றும், முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்றும் தன்வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. காயத்துக்கு மருந்து ஒரு மருத்துவரிடம் கிடைத்திருக்கும். துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பாலசுந்தரத்தைப் பார்க்க டர்பன்வரை போக வேண்டியதில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் தாத்தா இந்த வட்டாரத்தில்தான் வயல் வேலை பார்த்தார். வரப்பில் நிற்கும்போது தலையில் முண்டாசு இருக்கும். நிலக்காரர் வருவது தெரிந்ததும் அது அவிழ்ந்து கக்கத்துக்கோ இடுப்புக்கோ வந்துவிடும். அவர் போனதும் மறுபடி தலைக்கு ஏறும். ஒரு நாளில் எத்தனை முறை என்று கணக்கு வைத்துக்கொண்டதில்லை என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிய வயதாக வேண்டியிருந்தது.

ஆகையால், நம் மரபில் தலைப்பாகை கழற்றப்படுவதில்லை என்ற நெட்டிவேலை அவர்களின் கருத்து, கட்டிக்கொண்டு சபைக்குப் போகும் உரிமையுடையவர்களுக்கு மட்டும் பொருந்தும். பரிவட்டமும் அப்படியே. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் தேர் நாளன்று யாருக்கு முதலில் கட்டுவது என்பதில் தகராறு எழுந்து, நான் சிறுவனாக இருந்தபோது தேர் நிலையிலேயே நின்றது. கட்டப்படும் நான்கு தலைகளைப் பற்றித்தான் பேச்செல்லாம் நடந்தது. வடத்தைத் தொடவே விடப்படாத தலைகள் அந்தப் பேச்சில் வரவில்லை.

தலையில் வைக்கும் துணிகளில் யாரும் பாட்டில் பாடாத ஒன்று உண்டு, அது சும்மாடு. செங்கல்லோ நெற்கட்டோ தலையை அறுக்காமலிருக்க வளையமாகச் சுருட்டி வைப்பது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்பும் கல்லும் எத்தனை சும்மாடுகளின்மேல் ஏறி முகப்புவரை வந்தன என்பதையும் இந்த இழையில் ஒரு வரி எழுதிவைக்கலாம். இலக்கியத்தில் அதற்கு அருகே வருவது ஒரே ஓர் இடந்தான் என்று நினைக்கிறேன். கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயத்திலிருந்து கொண்டுவந்த கல்லைச் செங்குட்டுவன் கனக விசயரின் முடிசூடிய தலைகளில் ஏற்றினான். அங்கே மகுடம் சும்மாடாகிறது. மன்னர்களுக்கு அது தாங்க முடியாத அவமானம்; எங்கள் தாத்தாவுக்கு அது அன்றாடக் கூலி.

குன்றக்குடி மயில் எழுதியது:

தலைப்பாகை என்றதும் திண்டுக்கல் பிரியாணிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 1957இல் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு கட்டியிருந்த தலைப்பா, கடைக்கே பெயராகிவிட்டது. ஒரு தலையணி உணவின் பெயராக மாறிய எடுத்துக்காட்டு வேறெங்கும் உண்டா?

நாட்டரசன்கோட்டை வாசகர் எழுதியது:

மயில் அவர்களின் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை; பசி மட்டும் எடுக்கிறது.

ஆச்சி அவர்களும் ரஸ்தா அவர்களும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பிறர் கையால் வருவது பெருமை என்று நான் எழுதியது அவசரம். பிறர் கைக்கு அதிகாரம் உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். அது வைக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும்.

பூவைப் பற்றி ஆச்சி சொன்னதிலிருந்து ஒன்று தோன்றியது. ஆண்களின் தலையிலும் முதலில் இருந்தது பூவே. சங்க இலக்கியத்தில் தலையில் சூடும் மாலைக்குக் கண்ணி என்றும் மார்பில் அணிவதற்குத் தார் என்றும் தனித்தனிப் பெயர் உண்டு. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ. நிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, வென்றால் வாகை. யாரும் வாகைப்பூவைக் கண்ணால் கண்டிராத ஊரிலும் தேர்தல் முடிவன்று "வாகை சூடினார்" என்று செய்தித்தாள் எழுதுகிறது. சூடிய தலைகள் போய்விட்டன. சூடுதல் என்ற வினை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு நெடுங்கிள்ளியை அடைத்து வைத்திருந்தபோது கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. உன்னோடு பொருபவன் பனந்தோடு அணிந்தவனும் அல்லன், வேம்பு அணிந்தவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார் புலவர். இருவரில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் வாதம். அறிவுரையின் முழுப் பாரத்தையும் தலையில் இருக்கும் ஒரு பூவின்மேல் ஏற்றிவைக்க முடிந்த காலம் அது. ஏழு புள்ளி வீட்டுக்காரர் இந்தப் பாட்டைப் பட்டாலையில் எழுதி மாட்டலாம் என்பது என் தனிப்பட்ட பரிந்துரை.

படங்களைப் பற்றிய பேச்சானதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1919இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். காரைக்குடியில் எடுத்த படத்தில் தலைப்பாகையோடும் கைத்தடியோடும் இருக்கிறார். இன்று பள்ளிச் சுவரில் பாரதியை வரைய வேண்டுமானால் ஒரு முண்டாசும் ஒரு மீசையும் போதும், முகமே வேண்டாம். ஆங்கிலத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் இதே கதிதான். அவரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்ட, டியர்ஸ்டாக்கர் எனப்படும் இருபக்க மூக்குத் தொப்பி, அந்தப் பெயரில் கதைகளில் எங்கும் இல்லை. காதுமூடியுள்ள பயணத் தொப்பி என்ற அளவில் எழுத்தாளர் விட்டதைச் சிட்னி பேஜட் என்ற ஓவியர் அப்படி வரைந்தார். ஹோம்ஸின் தலையில் தொப்பி வைத்தவர் ஓவியர். இங்கேயும் பிறர் கைதான்.

நெட்டிவேலை எழுதியது:

அரசின் கையையும் மறக்க வேண்டாம். துருக்கியில் 1829இல் சுல்தான் இரண்டாம் மகமூது, பழைய தலைப்பாகைகளை விலக்கி அலுவலர்கள் சிவப்புக் குல்லா அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். அது அன்று புதுமையின் சின்னம். 1925இல் முஸ்தபா கெமாலின் அரசு அதே குல்லாவைப் பழமையின் சின்னம் என்று சட்டம் போட்டுத் தடைசெய்து ஐரோப்பியத் தொப்பியைக் கொண்டுவந்தது. குல்லா மாறவே இல்லை, நூறு ஆண்டுக்குள் அதன் பொருள் மட்டும் முற்றிலும் திரும்பிவிட்டது.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

நம் ஊரிலும் அப்படித் திரும்பியிருக்கிறது. சென்ற தை மாதம் வெளிநாட்டு விருந்தினர் சிலரோடு, விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். வாயிலில் நின்று வணங்கிக் கதவைத் திறந்துவிட்டவர் தலையில் சரிகைத் தலைப்பாகை. உள்ளே முகப்பில் தொங்கிய படத்தில் வீட்டுக்குரியவர் தலையில் அதே போன்ற தலைப்பாகை. வீட்டின் இன்றைய பங்காளி ஒருவர் வெறுந்தலையோடு, அரைக்கை டி-சட்டையில், விருந்தினரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி தலையிலிருந்து இறங்கிய தலைப்பாகை காவலாளி தலைக்கு ஏறியிருக்கிறது என்றால், அதற்கு இப்போது கௌரவம் என்று பெயரில்லை, சீருடை என்று பெயர். அந்தக் காவலாளியிடம் கேட்டேன். உச்சி வெயிலில் தலை வேர்க்கிறது, கழற்ற விடமாட்டார்கள் என்றார்.

எங்கள் பேரன் திருமணத்திலும் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வந்தது. தைத்தே வைத்த வாடகைத் தலைப்பாகை. தொப்பியைப் போல மாட்ட வேண்டியதுதான். கட்டுவதற்குத் தாய்மாமன் தேவைப்படவில்லை. பின்புறம் இறுக்கிக்கொள்ள ஒட்டும் பட்டை இருந்தது. மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இரண்டாங்கட்டு எழுதியது:

எல்லாருடைய விடைகளுக்கும் நன்றி. ரஸ்தா அவர்கள் எழுதியதை எங்கள் வீட்டு மின்னஞ்சல் குழுவில் அப்படியே பகிர்ந்தேன். இரண்டு புள்ளிகள் பதில் சொல்லவில்லை; ஒருவர், வீடு கட்டிய காலத்துக் கூலிக் கணக்குப் பேரேடு தன்னிடம் இருப்பதாகவும் தேடி எடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார்.

ஆச்சி அவர்கள் தனிச்செய்தியில் தம் கணவருடைய பாட்டனாரின் ரங்கூன் படத்தை அனுப்பியிருந்தார்கள். அதையும் எங்கள் ஐயாவின் படத்தையும் கணினித் திரையில் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் இருக்கும் திரையில் வரைந்த தூணும் கொடியும் ஒன்று. தலைப்பாகையும் ஒன்று. ஒன்று போல இருக்கிறது என்று சொல்லவில்லை, அதுவே இது. வலப்பக்கம் தொங்கும் கரையில் சரிகை சிறிது பிரிந்திருக்கிறது, இரண்டு படத்திலும் அதே இடத்தில். இருவரும் உறவினரும் அல்லர், ஒரே கிட்டங்கியில் இருந்ததாகவும் தெரியவில்லை. தலைப்பாகை ஸ்டுடியோவுக்குரியது. யார் கட்டிவிட்டது என்று வாசகர் ஐயா கேட்ட கேள்விக்கு விடை, படம் எடுத்தவரோ அவருடைய எடுபிடிப் பையனோ என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். படம் வெள்ளையடித்த சுவரில் பழைய ஆணியிலேயே மறுபடி தொங்குகிறது.

சின்னையாவின் கைக்குக் கீழிருக்கும் தொப்பியும் அந்த மேசையோடு சேர்ந்து வாடகைக்கு வந்ததுதானா என்று ஆச்சி கேட்கிறார்கள். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருக்கக்கூடும். சட்டத்தைப் பிரித்தால் தெரியும். அதற்கு ஐந்தாம் புள்ளியின் சம்மதம் இன்னும் வரவில்லை.